பதின்மூன்றாம் வேற்றுமை

தார்த்து நகரத்தில் என்னோடு பேசிய முதல் ஆள்
காப்பிக் கடைக் கல்லாவில் இருந்தவள்.
"சுஹ்ருதா?" என்றாள்.
யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறாள் என்று
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
சர்க்கரை இல்லாமலா என்று கேட்டிருக்கிறாள்.

பாலுக்கு அங்கே பீம்.
பாலோடு என்றால் பீமகா.
சுஹ்ருதாவும் பீமகாவுமாக
ஒரு குடும்பமே என் கோப்பைக்குள் குடிவந்தது.

ஐ ஆல் கு இன் அது கண் என்று
ஒரே மூச்சில் ஒப்பித்து
பென்சில் பெட்டி பரிசு வாங்கியவள் நான்.
எஸ்தோனிய மொழிக்கு வேற்றுமை பதினான்கு என்றார்கள்.
வரைக்கும் என்பதற்கு ஒன்று.
பதின்மூன்றாவது, இல்லாமல்.
பதினான்காவது, உடன்.
நவம்பர் முழுக்க நான்
பதின்மூன்றில் நின்றேன்.

மூன்றரை மணிக்கு இருட்டு.
பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள்
ஒரு சைக்கிள் படுக்கும் இடைவெளி.
நான் புன்னகைத்தால்
தன் சட்டையில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று
குனிந்து பார்க்கிறார்கள்.
கேள்வி உண்டா என்பார் பேராசிரியர் ஊர்மஸ்.
வகுப்பின் மௌனத்தை
ஒரு பதிலைக் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டுவிட்டு
அடுத்த படத்துக்குப் போவார்.

விடுதியின் சலவை அறைப் பட்டியலில்
மங்கையர்க்கரசி கட்டத்துக்குள் அடங்கவில்லை.
பக்கத்துக் கட்டத்தில் தைமியின்
செவ்வாய்க்கிழமை மாலைக்குள் புகுந்துவிட்டேன்.
அடுத்த வாரம் பார்த்தால்
அடிக்கோல் வைத்து அந்தக் கோட்டையே
இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் கடுகு வெடித்து அவள் ரொட்டியில் விழுந்தபோதும்
ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்,
பிறகு யோசித்து, மூடினாள்.

ஏப்ரலில் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனார்கள்.
பாசி இறந்து, பாசிமேல் பாசி படுத்து,
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் நிலம்.
துளைக்கோலை இறக்கி உருவினார் ஊர்மஸ்.
கருப்பட்டி நிறத்தில் ஒரு நீளம்.
இங்கே என்று விரல் வைத்தார், இரண்டாயிரம் ஆண்டு.
ஒரு கை கீழே, மூவாயிரம்.
முகர்ந்து பாருங்கள் என்றார்.
ஈரத் தீக்குச்சி வாசம்.

குறிப்பெடுக்கத் திரும்பியவள்
பலகைப் பாதையை விட்டு ஒரு கால் வெளியே வைத்தேன்.
தொடைவரை போனது.
வரை: பதினோராம் வேற்றுமை
என்று அந்த நேரத்திலும் மூளை சொன்னது.
வாய் எந்த மொழியில் கத்தியதோ தெரியாது.

தைமி பலகைமேல் குப்புற விழுந்து
என் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.
கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.
சேறு அதை அவசரமில்லாமல் வாங்கிக்கொண்டு
ஏப்பம் விட்டது.

அப்போது சிரித்தாள்.
ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு.
பலகை ஆடியது.
ஊர்மஸ்கூட தொப்பியைக் கழற்றி
மறுபடி அதே தலையில் மாட்டினார்.

திரும்பும் வழியெல்லாம்
அவளுடைய கம்பளிக் கையுறை என் வலது காலில்.
கட்டைவிரலுக்கான பையில்
என் பெருவிரல்
வாடகை பேசாமலே குடியேறியிருந்தது.

மறுநாள் பட்டியலில்
செவ்வாய்க்கிழமைக்கு நடுவே கோடு இல்லை.
தைமி என்று எழுதி, பக்கத்தில்
என் பெயரைப் பாதியில் நறுக்கி
மங்கைகா என்று முடித்திருந்தாள்.
அகராதியைத் தேடவில்லை நான்.
அழுக்குத்துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லையாம்,
எதுவும் எளிதில் அழுகாதாம்.
முப்பத்தேழாம் எண், வலது கால்,
குதிகாலில் தேய்ந்தது.
ஐந்து மீட்டர் கழித்து
எந்த மாணவியாவது உருவி எடுத்து
முகர்ந்து பார்க்கட்டும்.